இரண்டு காதும் தெரிய

"தலைத்துணியைக் கொஞ்சம் பின்னால தள்ளு, எஸி. காது தெரியல."

"காது எதுக்குடி? காதாலயா நான் கென்கி விக்கிறேன்?"

"தள்ளுன்னா தள்ளு."

ஞாயிற்றுக்கிழமை பகல். தேவாலயம் முடிந்து எல்லோரும் வீடு திரும்பி, உள்ளாடை தெரிய உட்கார்ந்து விசிறிக்கொள்ளும் நேரம். பல குடித்தனங்களின் பொது முற்றத்தில் துணி காயப்போடும் கம்பியில் ஒரு வெள்ளை விரிப்பு தொங்குகிறது. அதன் முன்னால் ஒரு முக்காலி. கென்கி என்னும் சோளமாவு உருண்டை விற்கும் எஸி அதில் உட்கார்ந்து நெளிகிறாள். ஆறடி தள்ளிக் கேமராவை முகத்துக்கு ஏற்றிக்கொண்டு நிற்பவள் அகோசுவா பிராகோ. வயது நாற்பத்திரண்டு. கணவனுக்காக ஒரு வருடம் உடுத்த கறுப்பைக் களைந்து வெள்ளைக்கு மாறி இரண்டு மாதம் ஆகிறது.

"சிரிக்கட்டுமா?"

"வேணாம். வாயை மூடிக்கோ. என்னை நேரா பாரு."

"ஐயோ சாமி! உசிரோட இருக்கும்போதே என்னைச் சுவத்துல ஒட்டப் பார்க்கிறா இவ!"

முற்றம் முழுக்கச் சிரிக்கிறது. பிராகோ சிரிப்பதில்லை. ஒரே ஒரு தடவை அழுத்துகிறாள். வெயில் படாமல் உள்ளங்கையைக் குவித்து, கேமராவின் திரையைப் பார்க்கிறாள். இரண்டு காது, இரண்டு தோள், தலையைச் சுற்றி ஒரு சந்தேகமும் இல்லாத விளிம்பு. "ஆச்சு. அடுத்தது யாரு?" என்கிறாள். அடுத்தது யாரும் இல்லை. தையல்காரர் மெஷினுக்கு அடியில் எதையோ தேடத் தொடங்குகிறார். மாடிப்படி அருகே பேசிக்கொண்டிருந்த இரண்டு பெண்களுக்கும் அடுப்பில் ஏதோ தீய்வது நினைவுக்கு வருகிறது. குமாசி நகரத்தில் தாஃபோ பக்கத்தில் அவளுக்குப் பெயரே 'போஸ்டர் மேடம்'. அவள் காதுக்கும் அது வந்திருக்கிறது.

வார நாட்களில் அவள் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். டாக்டர் சீட்டில் எழுதித்தந்த பவரெல்லாம் அவள் பொறுப்பில்லை. கண்ணாடியின் கால்களை வளைத்து, வந்தவர் முகத்தில் கோணாமல் உட்கார வைப்பதுதான் வேலை. பதினாறு வருடமாகப் பிறர் முகத்தை இரண்டு கையாலும் தொட்டுச் சம்பாதிக்கிறாள். "யாருக்கும் ரெண்டு காதும் ஒரே உசரத்துல இல்ல. பாஸ்டருக்கும் இல்ல, போலீஸ்காரனுக்கும் இல்ல" என்பாள். முன்பெல்லாம் இதைச் சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள்.

படம் எடுக்க ஆரம்பித்தது ஐந்து வருடத்துக்கு முன்னால். இத்தாலியில் இருந்து திரும்பி வந்த ஒரு வாடிக்கையாளர் பழைய கேமராவை விற்றுவிட்டுப் போனார். முதல் வருடம் எடுத்ததெல்லாம் கண்ணராவி. கிட்டே போய் எடுத்து எல்லோர் மூக்கையும் வாழைக்காய் ஆக்கினாள். வெள்ளைச் சட்டை போட்டவனை எடுத்தால், கேமரா சட்டையைப் பார்த்து மயங்கி முகத்தைக் கரியாக்கிவிடும். கேமராவின் பேச்சைக் கேட்காமல் முகத்துக்காக ஒளியைத் திறக்க வேண்டும் என்று புரிந்துகொள்ள அவளுக்கு எட்டு மாதம் பிடித்தது. கண்ணைப் பார்த்துக் கூர்மை வைக்கப் பழகினாள். படத்தின் விளிம்பு முழங்கையிலும் மணிக்கட்டிலும் ஆளை வெட்டக் கூடாது என்று பழகினாள். சனிக்கிழமை மாலைகளில் ஒரு புகைப்படக் கிளப்பு. பன்னிரண்டு ஆண்கள், இவள் ஒருத்தி. அதை நடத்திய மிஸ்டர் ஆனின் ஓய்வுபெற்ற நில அளவைக்காரர். எந்தப் படத்தைக் காட்டினாலும், "சரி. ஆனா இதை யார் வேணாலும் எடுத்திருக்கலாமே" என்று திருப்பித் தருவார்.

அந்த வார்த்தை அவளைத் தின்றுகொண்டிருந்த நாட்களில்தான் ஒரு மாலை மின்வெட்டு வந்தது. கணவன் யாவ் அட்டோப்ரா சுவாமே பகுதி லாரிப் பட்டறையில் இருந்து திரும்பி, கிரீஸ் போகக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, அறை வாசலில் வந்து நின்றான். உள்ளே இருட்டு. வெளியில் சாயும் வெளிச்சம் அவன் முகத்தின் இடது பாதியில் மட்டும் விழுந்தது. நெற்றி மேடு, கன்னத்தில் பழைய தழும்பு, உதட்டின் ஓரம். வலது பாதி அறையோடு அறையாகக் கரைந்திருந்தது.

"அப்படியே நில்லு."

"பசிக்குது, பிராகோ."

"நில்லுன்னு சொன்னேன்ல."

அடுத்த சனிக்கிழமை மிஸ்டர் ஆனின் அந்தப் படத்தை வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு மற்ற எல்லோருக்கும் காட்டி, "இது இவ கையெழுத்து" என்றார்.

அன்று முதல் அவளுக்கு வேறு படம் கிடையாது. பாதி வெளிச்சம், பாதி இருட்டு. கறுப்புத் துணி வாங்கி அறைச் சுவரில் அடித்தாள். நிழலுக்குள் வெளிச்சத்தைத் திருப்பக் கிளப்பில் பழக்கித் தந்த வெள்ளை அட்டையைத் தூக்கிப் பரண் மேல் போட்டாள். நிழலுக்குள் வெளிச்சம் புகுந்தால் அவளுக்குக் கோபம் வரும். யாவ் வேறு வழியில்லாமல் மாதிரியாள் ஆனான். வாசலில் நின்றான், சன்னலோரம் உட்கார்ந்தான், வாகனங்களின் கீழிருந்து நெளிந்து வெளியே வரும்போதே பிடிபட்டான். அந்த மூன்று வருடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள். நண்பர்களிடம், "என் பொண்டாட்டிக்கு என்னோட ஒரு பக்கம் மட்டும்தான் பிடிக்கும். இன்னொரு பக்கத்துக்கு நான் வேற ஒருத்தியைப் பார்க்கணும்" என்று சொல்லிச் சிரிப்பான்.

ஒரே ஒரு தடவை அவனாகக் கேட்டான். ஈஸ்டர் ஞாயிறு. விசேஷங்களுக்கு உடுத்தும் அப்பாவின் கென்டே துணியைத் தோளில் சுற்றி, தோல் செருப்பு மாட்டி, நாற்காலியை முற்றத்து வெயிலில் போட்டு உட்கார்ந்தான். இரண்டு கையும் இரண்டு முட்டி மேல். லாரி எஞ்சினின் விசிறிப் பட்டை கடித்துத் துண்டாக்கிய இடது சுட்டுவிரலை மறைக்கக்கூட இல்லை. அவன் அப்பா அப்படித்தான் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார், அவர் அப்பாவும்.

"ஒண்ணு நேரா எடு. ஊர்ல அம்மாவுக்குக் குடுக்கணும்."

கேமராவை உயர்த்திப் பார்த்தாள் பிராகோ. இறக்கிவிட்டாள்.

"இப்படி உக்காராத யாவ். செத்தவங்க மாதிரி இருக்கு."

அவன் சிரித்தபடி எழுந்தான். எழும்போது முகம் பக்கவாட்டில் திரும்பியது, அதை எடுத்தாள். அருமையான படம். அந்த வருடம் கிளப்பின் கண்காட்சியில் முதல் சுவரில் அதுதான் இருந்தது. அருமையாக ஒன்று கிடைத்துவிட்டால் அன்றைக்குக் கை ஓய்ந்துவிடும் அவளுக்கு. நேர்ப்படத்தை இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றிவிடும்.

அதே வருடம் ஆகஸ்டில், ஒரு செவ்வாய்க்கிழமை, யாவ் லாரிக்கு அடியில் படுத்திருந்தபோது ஜாக்கி நழுவியது.

இங்கே இறந்தவன் தாய்வழிக் குடும்பத்துக்குச் சொந்தம். மனைவிக்கு உரிமை கறுப்புத் துணிதான். குடும்பத் தலைவர் நானா பொசம்ப்ரா, யாவின் தாய்மாமன், சாவுச் சடங்குக்கு நாளைக் குறித்தார், பந்தலைக் குறித்தார், சமையலுக்கு ஆளைக் குறித்தார். போஸ்டருக்குப் படம் என்று வந்தபோது மட்டும் எல்லோரும் பிராகோவைப் பார்த்தார்கள். ஊரெல்லாம் சொல்லும் படக்காரி அவள்தானே. மடிக்கணினியை எடுத்துப் போய் அவர்கள் நடுவில் வைத்தாள். அன்று அவளுக்குள் ஒரு சின்னப் பெருமை இருந்தது. அதற்காகத் தன்னை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

ஒவ்வொரு படமாக நகர்ந்தது. பத்துப் படம் போயிற்று.

"பாதி எங்க?" என்றார் நானா.

"நிழல்ல இருக்கு, நானா."

"ஏன் நிழல்ல இருக்கு? அந்தப் பக்கம் அவனுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. அழகுக்காக."

"அழகுக்காக" என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார், செவிடருக்குச் சொல்வது போல. "பார்க்கிறவன் என்ன சொல்வான் தெரியுமா? பக்கவாதம் வந்து கோணிப்போச்சு, குடும்பம் மறைக்குதுன்னு சொல்வான். அடுத்தது காட்டு."

அடுத்ததும் அதே. கடைசிப் படம் வரை அதே.

யாவின் அம்மா மாமே அச்சியா மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது குரல் போயிருந்தது. "முந்நூறு எடுத்திருக்க" என்றாள். "ஒண்ணுலயாவது என் புள்ள என்னை நேரா பார்த்திருக்கலாமே, அகோசுவா."

நானாவும் குடும்பத்தாரும் அவளைக் கூட்டிப்போன போஸ்டர் கடையில் செலோம் என்கிற இளைஞன் கணினி முன்னால் இருந்தான். படங்களைப் பார்த்து விசிலடித்தான். "மேடம், சூப்பர். ஹோட்டல்ல மாட்டற மாதிரி இருக்கு. ஆனா நான் தலையைத் தனியா வெட்டி எடுக்கணும். விளிம்பு எங்க? முடி இங்க முடியுதா, இருட்டு இங்க ஆரம்பிக்குதா? எனக்கே தெரியலையே." இருட்டுப் பக்கத்தை வெளிச்சமாக்கிப் பார்த்தான். சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக ஏதோ வந்தது. பிறகு, "ஒரு வழி இருக்கு" என்று சொல்லிவிட்டு, வெளிச்சப் பாதியைப் பிரதியெடுத்து, கண்ணாடியில் பார்ப்பது போல் திருப்பி, மறுபக்கம் ஒட்டினான்.

ஒரு நொடியில் யாவ் முழுசாக வந்து நின்றான். இரண்டு கன்னத்திலும் தழும்பு. ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லாத இரண்டு பக்கம். அவனுக்கு யாரோ வேண்டாதவன் செய்த பொம்மை போல இருந்தது.

"இது நல்லா இருக்கே" என்றார் நானா.

"இது அவர் இல்ல" என்றாள் பிராகோ.

"உனக்குத்தான் அவனோட இந்தப் பக்கம் தெரியும், அந்தப் பக்கம் தெரியாதே."

அவள் எழுந்து கடைக்கு வெளியே போய், சாக்கடை ஓரமாக நின்றாள். உள்ளே அவர்கள் யாவின் மருத்துவக் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டார்கள். அதில் தபால்தலை அளவுக்கு ஒரு படம் இருந்தது. வரிசையில் நாலு மணி நேரம் நின்று, வியர்த்து, திடீரென்று வெளிச்சம் அடித்ததில் விழித்த முகம். செலோம் அதைப் பெரிதாக்கி, வியர்வையை வழித்து, நிறத்தை இரண்டு படி வெளுக்கவைத்து, கணினியில் சேர்த்துவைத்திருந்த உடம்புப் படங்களில் ஒன்றில் பொருத்தினான். கோட்டும் டையும் போட்ட உடம்பு. மடியில் கோத்து வைத்த கைகளில் பத்து விரலும் முழுசாக இருந்தன, ஒன்றில் மோதிரம். வயதாகிப் போனவர்களுக்கு 'மகிமைக்கு அழைப்பு' என்று போடுவார்கள். யாவுக்கு வயது நாற்பத்தாறு. அதனால் தலைப்பில் சிவப்பெழுத்தில் 'என்ன ஒரு அதிர்ச்சி!'. விழித்த விழி தலைப்புக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை சாவுச் சடங்குக்குப் பட்டறை நண்பர்கள் இரண்டு பேர் தாமதமாக வந்தார்கள். அதே தெருவில் அன்று இரண்டு பந்தல். போஸ்டரைப் பார்த்துவிட்டு, இது யாரோ வங்கி மேனேஜர் என்று நினைத்து அடுத்த பந்தலுக்குப் போய், வலது ஓரத்தில் தொடங்கி வரிசையாக உட்கார்ந்திருந்த எல்லோர் கையையும் குலுக்கி, துக்கம் கேட்டு, அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டார்கள். திரும்பி வந்து பிராகோவிடம் சொல்லும்போது அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் சிரித்து யாரும் பார்த்ததாகச் சொல்வதில்லை.

நாற்சந்திச் சுவரில் அந்தப் போஸ்டர் இரண்டு மழைக்காலம் தாக்குப்பிடித்தது. தினமும் அதைக் கடந்துதான் கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டும். முதல் மழையில் கோட்டு வெளுத்தது. இரண்டாவதில் வாய் போனது. கண்கள் மட்டும் கடைசிவரை விழித்துக்கொண்டிருந்தன.

வெள்ளை விரிப்பு கம்பியில் ஏறியது அந்தக் கோட்டு வெளுத்த நாட்களில்தான். முற்றத்துக்காரர்கள், கடை வாடிக்கையாளர்கள், தேவாலயத்துப் பாடகர் குழு, வாட்ச்மேன் என்று உட்கார ஒப்புக்கொள்ளும் யாரையும் அவள் விடுவதில்லை. நேராக, சிரிக்காமல், இரண்டு காதும் தெரிய. காசு வாங்குவதில்லை. பெயரும் தேதியும் எழுதிக் கணினியில் வைத்துக்கொள்கிறாள். ஏன் என்று கேட்டால், "சும்மா இருக்கட்டும்" என்பாள். இங்கே அந்தப் பதில் யாருக்கும் புரியாமல் இல்லை.

முதல் தொகுதியை மிஸ்டர் ஆனினிடம் கொண்டு போய்க் காட்டினாள்.

"பிராகோ, இது பாஸ்போர்ட் படம்மா."

"ஆமா சார்."

"உனக்குன்னு ஒரு பாணி இருந்துச்சு. ஊரே அதைப் பார்த்துச் சொல்லும், இது இவ எடுத்ததுன்னு. இதுல நீ எங்க இருக்க?"

"நான் எதுக்கு சார் இருக்கணும்?"

அவர் படங்களை அடுக்கித் திருப்பித் தந்தார். அதன் பிறகு அவள் கிளப்புக்குப் போகவில்லை. அவளுக்கு நல்ல பெயர் வாங்கிக்கொடுத்தது செலோம்தான். அவள் எடுத்தவர்களில் இதுவரை ஏழு பேர் போயிருக்கிறார்கள். சாவு வீட்டு ஆட்கள் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, அவளைப் 'போஸ்டர் மேடம்' என்று கேலி செய்த அதே வாயால், "சிஸ்டர், அன்னிக்கு ஒண்ணு எடுத்தீங்களே" என்று கேட்டு நிற்பார்கள். அவள் எழுந்து போய்க் கணினியைத் திறப்பாள். "மேடம் படம் வந்தா எனக்கு அஞ்சு நிமிஷ வேலை. மேடம் எடுத்த முகத்துல கத்தரிக்கோல் தானா ஓடும்" என்று செலோம் எல்லோரிடமும் சொல்கிறான். போஸ்டரைப் பார்த்ததும் இது இவள் எடுத்தது என்று இப்போதும் ஊர் சொல்கிறது.

சில சமயம் முக்காலியில் உட்கார்ந்தவர் யாரோ கூப்பிட்டுத் திரும்புவார். வெயில் விரிப்பின் ஓரமாக வந்து ஒரு கன்னத்தை மட்டும் தொடும். அவளுடைய விரல் பொத்தான் மேல் துடிப்பது எதிரே இருப்பவருக்கே தெரியும். அவள் கேமராவை இறக்கிவிட்டுக் காத்திருப்பாள்.

போன சனிக்கிழமை தன் ஊரான மம்போங்கில் இருந்து மாமே அச்சியா வந்தாள். எழுபத்தாறு வயது. வேனில் இருந்து இறங்கி, வெயிலில் தனியாக நடந்து வந்து, அறைக்குள் புகுந்து கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். தண்ணீர் குடித்த பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"என்னை ஒரு போட்டோ எடு."

"வாங்க மாமே. வெளில வெளிச்சம் நல்லா இருக்கு. இதோ துணியைக் கட்டிடறேன்."

"வெளில வேணாம். என் புள்ளையை எங்க நிக்க வெச்சு எடுத்தியோ, அங்க எடு."

கையில் எடுத்த விரிப்பைப் பிராகோ திரும்ப மடித்தாள்.

"அன்னிக்கு நான் பேசினது எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள் கிழவி. "போஸ்டரை மடிச்சுப் பெட்டியில வெச்சிருக்கேன். எடுத்துப் பார்த்தா எவனோ ஒரு ஆபீசர் என்னை முறைக்கிறான். அவனை நான் பெக்கல. நீ கம்ப்யூட்டர்ல காட்டினதுதான் கண்ணுல நிக்குது. வாசல்ல பாதி தெரிஞ்சும் தெரியாம நிக்கிறானே, அது. சின்னதுல தப்பு பண்ணிட்டு வந்தா அப்படித்தான் நிப்பான், உள்ள வரலாமா வேணாமான்னு. அதுல ஒண்ணு எனக்குக் குடு. என்னையும் அதே மாதிரி எடு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டிக்கறேன்."

பிராகோ அலமாரியைத் திறந்து, மின்வெட்டு நாளில் எடுத்த அந்த முதல் படத்தின் பிரதியை எடுத்து அவள் மடியில் வைத்தாள். முக்காலியை வாசலுக்கு நகர்த்தினாள். மாமே அச்சியா உட்கார்ந்து, படத்தைக் கண்ணுக்கு வெகு அருகே பிடித்துப் பார்த்து, மகனுடைய தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகத் தன் தலையையும் சாய்த்துக்கொண்டாள். யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வெளிச்சம் அவளுடைய இடது நெற்றி மேட்டில் ஏறி, கன்னத்துச் சுருக்கங்களில் ஒவ்வொன்றாக இறங்கி, உதட்டோரத்தில் நின்றது. மற்றப் பாதி அறைக்குள் போய்விட்டது.

பிராகோ அழுத்தினாள்.

திரையைப் பார்த்தாள். நெற்றி யாவின் நெற்றி. இவ்வளவு நல்ல படத்தை அவள் எடுத்ததே இல்லை. முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுகூட இதன் பக்கத்தில் நிற்காது. கை ஓய்ந்து கேமரா தானாக இறங்கியது. இன்றைக்குப் போதும், நேர்ப்படம் இன்னொரு நாள் என்ற பழைய நிம்மதி தோளில் இருந்து வழிவதை அவள் உணர்ந்தாள், உடனே பயந்துபோனாள்.

"வந்துச்சா?" என்றாள் மாமே அச்சியா, அசையாமல். புரை விழுந்த கண்களுக்கு அந்தச் சின்னத் திரை தெரியாது.

"வரல, மாமே. வெளில போயிடலாம்."

குப்பைத்தொட்டிப் படம் போட்ட பொத்தானை அவள் கட்டைவிரல் அழுத்தியது. நிச்சயமாக அழிக்கவா என்று கேமரா கேட்டது. இன்னொரு முறை அழுத்தினாள்.